ஜப்பானிய நாவலும் நம் இல்லமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஜப்பானிய நாவல்களுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். முறையான கேள்விதான். ஆயினும் ஜப்பான் நமக்கு அவ்வளவு அயலான நாடன்று. 1983-ஆம் ஆண்டு குர்காவிலிருந்து வெளிவந்த மாருதிக் கார், சுசுகி என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் கூட்டுறவால் பிறந்தது. 2009-இல் நம் மயூர் விஹாரை வந்தடைந்த மெட்ரோ ரயிலுக்கு ஜப்பானின் கடனுதவி பெருந்துணையாயிற்று. ஜப்பானியரின் உழைப்பையும் ஒழுங்கையும் காலந்தவறாமையையும் புகழாத மேடை இல்லை. அவற்றைச் சுட்டிக் காட்டிப் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறாத வீடும் இல்லை. அப்புகழ்ச்சி பொய்யன்று. ஆனால் அது வீட்டு வாயிலோடு நின்றுவிடுகிறது. உள்ளே நிகழ்வதை அறிய நாவலாசிரியர்களிடந்தான் செல்ல வேண்டும்.

பின்னாளில் தில்லி வானொலியில் பணியாற்றிய தி. ஜானகிராமன், தம் ஜப்பானியப் பயண நூலுக்கு ‘உதய சூரியன்’ என்று பெயரிட்டார். அது வெளிவந்தது 1967-இல். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1947-இல், ஒசாமு தசாய் என்னும் ஜப்பானிய ஆசிரியர் தம் நாவலுக்கு இட்ட பெயரோ ‘சாயும் சூரியன்’. போருக்குப் பின் செல்வமும் நிலையும் இழந்த ஓர் உயர்குடியின் கதை அது. காலமும் வேறு, நோக்கும் வேறு. எனினும் ஒரு நாட்டை அறிய இவ்விரு சூரியன்களும் நமக்கு வேண்டும்.

நட்சுமே சோசெகி 1914-இல் எழுதிய ‘கொகொரோ’ என்னும் நாவலைச் சற்று விரிவாகக் காண்போம். அப்பெயருக்கு ‘உள்ளம்’ என்பது பொருள். 1868-க்குப் பின் ஜப்பான் புதுமையை நோக்கி விரைந்தது. கல்விக்காகச் சிற்றூர் இளைஞர்கள் தோக்கியோவுக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவனே இக்கதையைக் கூறுகிறான். தலைநகரில் கற்றறிந்த பெரியவர் ஒருவரிடம் அவன் உள்ளம் ஈடுபடுகிறது. அவரை ‘ஆசான்’ என்றே அழைக்கிறான். ஊரிலோ அவன் தந்தை நோயுற்றிருக்கிறார். பட்டம் பெற்று ஊர் திரும்புகிறான் மகன். பெட்டியில் கசங்கிப்போன பட்டச் சான்றிதழைத் தந்தை கூடத்தில் எல்லாரும் காணும் இடத்தில் நிறுத்தி வைக்க முயல்கிறார். அது நில்லாமல் சாய்கிறது. ஊராரை அழைத்து விருந்திடவும் பெற்றோர் விரும்புகின்றனர். மகனுக்கோ அவையெல்லாம் நாட்டுப்புறத்துச் செயலாகத் தோன்றுகின்றன.

தந்தையின் இறுதி நெருங்கும் வேளையில் ஆசானிடமிருந்து நெடிய கடிதம் வருகிறது. அது கைக்கு வரும்போது தாம் உயிரோடு இருக்கமாட்டார் என்று அதில் எழுதியிருக்கிறார். மகன் தந்தையை அந்நிலையிலேயே விட்டு ரயிலேறுகிறான். நாவலின் எஞ்சிய பகுதி முழுவதும் அக்கடிதமே. அதில் ஆசான் தம் நண்பனுக்கு இழைத்த துரோகத்தை எழுதுகிறார். ஊரில் கிடந்த தந்தை என்னானார்? ஆசிரியர் அதைச் சொல்லவே இல்லை.

அன்பர்களே! கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் ஏறி வேலைக்காகத் தில்லி வந்த தலைமுறைக்கு இக்கதை புதிதன்று. தஞ்சையிலும் நெல்லையிலும் பாலக்காட்டிலும் நம்மை வழியனுப்பிய தந்தையர் இருந்தனர். தந்தி கண்டு இரண்டு நாள் பயணம் செய்து வீடு சேர்ந்தவர்களும் நம்மிடையே உண்டு. இன்று நம் பிள்ளைகள் விமானம் ஏறிச் செல்கின்றனர். கூட்டுறவுக் குடியிருப்பின் மாடி வீட்டில் தொலைபேசியை நோக்கி அமர்ந்திருப்பவர்கள் நாம். அன்று மகனாக இருந்து படிக்க வேண்டிய நாவலை இன்று தந்தையாக இருந்து படிக்கிறோம்.

தனிசாக்கியின் ‘மக்கியோக்கா சகோதரிகள்’ நம் தாய்மாரின் நெஞ்சுக்கு இன்னும் அணுக்கமானது. நொடித்துப்போன ஓசாக்கா வணிகக் குடும்பமொன்றில் மூன்றாம் பெண்ணுக்கு வரன் தேடும் கதை அது. குலம் விசாரிப்பதும், குறை கண்டு தட்டிக் கழிப்பதும், வயது ஏற ஏற வரும் வரன்களின் தரம் குறைவதும், இடையில் மூத்தாள் கணவருக்குத் தோக்கியோவுக்கு மாற்றல் வருவதும் நம் வீட்டுச் செய்திகளே. 1943-இல் இது தொடராக வந்தபோது, போர்க்காலத்துக்கு ஒவ்வாதது என்று இராணுவ ஆட்சியினர் நிறுத்திவிட்டனர். ஒரு பெண்ணின் திருமணக் கவலை படைபலத்துக்கு இடையூறாகத் தோன்றியது வியப்பன்றோ!

2016-இல் சயாகா முராத்தா எழுதிய நாவலில் நாயகிக்கு வயது 36. ஒரு சிறு கடையில் 18 ஆண்டுகளாகப் பணிபுரிகிறாள். அவளுக்கு அதுவே நிறைவு. சுற்றத்தாருக்கோ அவள் மணமாகாதவள் என்பதே குறை. பயனற்ற ஒருவனுக்கு வீட்டில் இடங்கொடுத்தாள் என்று கேட்டதும் தங்கை மகிழ்கிறாள்! ஆண்டுகள் எண்பது கழிந்தும் கேள்வி மாறவில்லை. நம் குடியிருப்பில் வேலைக்குச் செல்லும் பெண்ணிடம் நாம் முதலில் கேட்பது என்ன என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம்.

இன்று ஜப்பானில் ஏறத்தாழ பத்துப் பேரில் மூவர் 65 வயதைக் கடந்தவர்கள். அந்நாட்டின் ரயிலைப் போற்றும் நாம், அதன் முதியோர் தனிமையையும் அறிதல் வேண்டும். முன்னேற்றத்தின் விலையைக் குடும்பம் எவ்வாறு செலுத்துகிறது என்பதை அவர்கள் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதுவும் அவர்களிடம் நாம் கற்க வேண்டிய ஒழுக்கமே.

இறுதியாக ஒரு வேண்டுகோள். லாஜ்பத் நகரில் ஜப்பான் பவுண்டேஷனின் நூலகம் உள்ளது. மயூர் விஹாரிலிருந்து மாறாமல் ஒரே மெட்ரோவில் செல்லலாம். நம் பேரன் பேத்தியர் இந்நாவல்களை ஆங்கிலத்தில் படிக்கட்டும். படித்த கதையை மாலையில் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் தமிழில் சொல்லட்டும். சொல்லும்போது தமிழ்ச்சொல் தட்டுப்பட்டால் பெரியவர்கள் எடுத்துக் கொடுக்கட்டும். சோசெகியின் இளைஞனும் அவன் தந்தையும் பேசாமல் விட்டவற்றை, நம் வீடுகளில் அந்தக் கதையை முன்னிட்டேனும் பேசிக்கொள்ளலாம்.