நின்றுபோன நிலையமும் நிற்கக் கூடாத பாடசாலையும்



காந்திபுரத்தில் கூடியுள்ள இவ்வெள்ளி விழாவில் வானொலி நிலையம் ஒன்றின் வரலாற்றைக் கூற விழைகிறோம். கல்விச் சங்கத்திற்கும் வானொலிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு.

1924 மே 16 அன்று கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றிற்று. அவ்வாண்டு சூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கிற்று. முதலில் 40 வாட் ஆற்றலுள்ள கருவி; பின்னர் 200 வாட். ஆயினும் வானொலிப் பெட்டி வாங்கும் வசதியுடையோர் அந்நாளில் மிகச் சிலரே. பண நெருக்கடியால் 1927இல் கழகம் நின்று போயிற்று. அதே ஆண்டில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்த தனியார் நிறுவனமான இந்திய ஒலிபரப்புக் கம்பெனியும் 1930 மார்ச்சில் கலைக்கப்பட்டது.

ஆனால் சென்னைக் கழகத்தின் கருவி வீணாகவில்லை. அது மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பிற்று. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. பெட்டி இல்லாதவனும் நின்று கேட்டான். 1938 சூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும் வரை அப்பணி நீடித்தது.

பொதுச் சொத்து எல்லார்க்கும் பொதுவாக இருந்ததா என்றால், இல்லை. 1966இல் கோவைக்கு வானொலி நிலையம் வந்தது. நாம் சிறுவராயிருந்த காலத்தில் எம் சிற்றூரின் பஞ்சாயத்து வானொலி ஊருக்குள் இருந்தது. சேரிப் பிள்ளைகளாகிய நாம் சாலையோரத்தில் நின்றே வேளாண் செய்தியும் நாடகமும் கேட்டோம். திண்ணையில் அமர எமக்கு இடமில்லை. அந்நிலையிலிருந்து காலம் நகர்ந்திருக்கிறது. 2008 அக்டோபர் 15 அன்று ஜகீராபாத்தை அடுத்த மச்னூரில் தலித் பெண்கள் சங்கம் வானொலியைத் தொடங்கினர். கேட்கவும் இடமில்லாதிருந்தோர் பேசவே தலைப்பட்டனர்.

இனி நம் சங்கத்திற்கு வருவோம். சந்தா செலுத்துவோரின் பிள்ளைகளை மட்டுமே இரவுப் பாடசாலையில் சேர்க்கலாம் என்றொரு கருத்து அண்மையில் எழுந்துள்ளது. அதைக் கூறியோர் சங்கத்தின் பகைவர் அல்லர். வாடகைக்கும் விளக்குக்கும் வழி தேடுவோரே. பணமின்றி எந்நிறுவனமும் நில்லாது என்பதற்கு அக்கழகமே சான்று. ஆகவே சந்தாவைத் தவறாது செலுத்துவோம். வேலை பெற்ற பழைய மாணவர் இரு மடங்கு செலுத்துவோம். ஆனால் சந்தாச் சீட்டைக் கதவின் தாழ்ப்பாளாக்க வேண்டா. உள்ளே இடமின்றிச் சாலையோரம் நின்று கேட்ட நாம், இன்னொரு பிள்ளையை வாசலில் நிறுத்தலாமா? சிந்தியுங்கள்.