கூடிய சம்பளமும் குடும்ப வாழ்வும்



கூடிய சம்பளம் அழைத்தால் உள்ள உத்தியோகத்தை விட்டுப் போவதா என்னும் கேள்வி, படிப்பை முடிக்கவிருக்கும் நம் எல்லோர்க்கும் உரியது. அமெரிக்கக் கல்லூரிகளின் உதைபந்தாட்டப் பயிற்றுநர் வாழ்வை வைத்து இதனை ஆராய்வோம்.

ரெக்சாஸ் ஏ அன்ட் எம் சர்வகலாசாலை 2017இல் ஜிம்போ ஃபிஷர் என்பவரை 10 ஆண்டுகளுக்கு 7.5 கோடி டொலர் பேசித் தலைமைப் பயிற்றுநராக அமர்த்தியது. 2023 நவம்பரில் விலக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேரவேண்டியதே 7 கோடி டொலருக்கு மேல். ஆயின் தலைவர் விலக்கப்படும்போது உதவிப் பயிற்றுநர் பலரும் வேலை இழக்கின்றனர். அவர்களுக்கு இத்துணைப் பெருந்தொகை கிடைப்பதில்லை. பிள்ளைகளின் பாடசாலையை மாற்றி, வேறு மாநிலம் செல்லவேண்டும். வேலையுள்ள காலத்திலும் ஓய்வில்லை: சனிக்கிழமை ஆட்டம், பருவம் முடிந்தால் புதிய வீரரைத் தேடி ஊரூராய்ப் பயணம்.

கிறிஸ் பீட்டர்சன் 2006 முதல் 2013 வரை பொய்சி மாநிலச் சர்வகலாசாலையில் எட்டுப் பருவம் நிலைத்திருந்து, 92 வெற்றியும் 12 தோல்வியும் கண்டார். பின்னர் வாஷிங்டன் சர்வகலாசாலைக்குச் சென்று, 2019இல், 55 வயதில், அப்பதவியைத் தாமே துறந்தார்.

பொருள் வேண்டாம் என்று நாம் கூறவில்லை; பொருளில்லா வீடு படும் பாட்டை நாம் அறிவோம். ஆயினும் சம்பளத்தோடு மூன்று கேள்விகளையும் தராசில் இடுவோம். இவ்வேலை எத்தனை ஆண்டு நிலைக்கும்? போய்விட்டால் குடும்பத்தை எது தாங்கும்? பிள்ளைகள் உறங்குமுன் வீடு சேர்வோமா? விடை கண்டபின் கையொப்பமிடுவோம்.