விகடகவிக்கு 21 பைட்

(மாவட்ட அளவிலான கணினி ஆசிரியர் பயிற்சி முகாமில் பேசியது)

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'சி மொழியில் பல பைட் எழுத்துகளை அகல எழுத்துகளாக மாற்றுதல்'. இதெல்லாம் கல்லூரிப் பாடம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு பிளஸ் ஒன் மாணவி கேள்வி கேட்கும்வரை எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முன்னும் பின்னும் ஒன்றுபோலப் படிக்கும் சொல்லைக் கண்டுபிடிக்கும் நிரலை நாம் எல்லோரும் நடத்துகிறோம். சரத்தின் முதல் இடத்தையும் கடைசி இடத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். எல்லோரும் ஆங்கிலச் சொற்களைத் தட்டிக்கொண்டிருக்க, இவள் 'விகடகவி' என்று தட்டினாள். கணினி 'இல்லை' என்றது.

"மிஸ், விகடகவி திருப்பிப் படிச்சாலும் விகடகவிதானே? ஏன் இல்லைங்குது?"

"தமிழெல்லாம் இதுல வராதும்மா. இங்கிலீஷ்லயே போடு."

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். மாலை பேருந்தில் போகும்போதுதான் உறுத்தியது. நான் சொன்னது தவறு. அவள் என்னை நம்பிவிட்டாள் என்பது அதைவிட மோசம்.

மறுநாள் பள்ளி விட்டபின் ஆய்வகத்தில் உட்கார்ந்தேன். 'ஸ்டர்லென்' கொண்டு விகடகவியின் நீளத்தைக் கேட்டேன். 21 என்று வந்தது. நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, அதற்கு 21.

காரணம் நாம் பாடத்தில் நடத்துவதுதான். ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை எண்கள். ஒரு பைட்டில் 255க்கு மேல் அடங்காது. யுடிஎஃப்-8 முறையில் இந்த எண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. 'வி' என்பது வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. ஆக ஆறு பைட். வகரத்தின் முதல் பைட் 224. சொல்லின் கடைசியில் நிற்கும் இகரக் குறியின் இறுதி பைட் 191. சி மொழியின் 'சார்' வகை பைட்டைத்தான் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. 224ம் 191ம் சமமில்லை. முதல் ஒப்பீட்டிலேயே நிரல் முடிந்துவிட்டது.

இதற்குத்தான் 'எம்பிஎஸ்-டு-டபிள்யூசிஎஸ்' என்ற செயற்கூறு. பெயர் வாயில் நுழையாது, பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். மல்டிபைட் ஸ்ட்ரிங்கிலிருந்து வைட் கேரக்டர் ஸ்ட்ரிங்குக்கு என்பதன் சுருக்கம். இது 1989ஆம் ஆண்டின் ஆன்சி தரத்திலேயே இருக்கிறது. ஒருங்குறியின் முதல் பதிப்பே 1991இல்தான் வந்தது. வசதி இருந்திருக்கிறது, நான்தான் திறந்து பார்க்கவில்லை.

மூன்று விவரங்கள் கொடுக்க வேண்டும்: போய்ச் சேரும் அகல எழுத்து அணி, மூலச் சரம், அதிகபட்சம் எத்தனை எழுத்து. அணியின் அளவு 50 என்றால் 49 என்று கொடுத்து, கடைசி இடத்தில் சுழியம் வைத்துவிடுங்கள். சரம் நீளமாக இருந்தால் அது தானாக முடிவுக்குறி வைக்காது.

எனக்கு முதல் முயற்சியில் -1 வந்தது. அரை மணி நேரம் போயிற்று. சி நிரல் எதுவும் தொடங்கும்போது 'சி' என்ற அடிப்படைச் சூழலில்தான் தொடங்குகிறது. இயந்திரம் யுடிஎஃப்-8இல் இருப்பது நிரலுக்குத் தெரியாது. 'மெயின்' தொடங்கியதும் 'செட்லோக்கேல்' செயற்கூற்றை வெற்று மேற்கோளோடு அழைத்தால் இயந்திரத்தின் சூழலை எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு வரியை விட்டவர்கள்தான் 'தமிழ் வராது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதைச் சேர்த்தபின் -1 போய் 7 வந்தது.

ஏழுதான், ஐந்து அல்ல. நிரல் இன்னமும் 'இல்லை' என்றே சொன்னது. முதலில் வகரம் 2997, கடைசியில் இகரக் குறி 3007. அகல எழுத்து என்பது ஒருங்குறி எண், நம் இலக்கணம் சொல்லும் எழுத்து அல்ல. அந்தக் கடைசிப் படியை நாம்தான் எழுத வேண்டும். ஆனால் இப்போது அது எளிது. எண் 3006 முதல் 3021க்குள் இருந்தால் அது உயிர்க்குறி அல்லது புள்ளி. முந்தைய எழுத்தோடு சேர்த்துவிடு. ஔகாரத்துக்காக 3031ஐயும் சேர்க்க வேண்டும். ஒரே 'இஃப்' கட்டளை. பைட்டுகளை வைத்துக்கொண்டு இதையே எழுதிப் பாருங்கள், தலை சுற்றும்.

விகடகவி ஐந்தாயிற்று. கணினி 'ஆம்' என்றது.

அடுத்த வகுப்பில் அந்த மாணவியை அழைத்து, "நான் அன்னிக்குச் சொன்னது தப்பும்மா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு யாரும் என்னைப் பார்க்கவில்லை. தாத்தா, பாப்பா, காக்கா, குடகு என்று விசைப்பலகையைப் பிடுங்கிப் பிடுங்கித் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் 'ஸ்ரீ' என்று தட்டிவிட்டு, "இது ஒண்ணா ரெண்டா மிஸ்? ரெண்டுன்னு வருது" என்றான். இந்த முறை, "நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்றேன். அதற்குத் தனி விதி எழுத வேண்டியிருந்தது, க்ஷகரத்துக்கும் அப்படியே.

சரி, உங்கள் இயந்திரங்களைத் திறங்கள். முதலில் செட்லோக்கேல் வரி இல்லாமல் அவரவர் ஊர்ப் பெயரைத் தட்டி, என்ன எண் வருகிறது என்று சொல்லுங்கள்.