சிறு வளையமும் பெரிய துறைமுகமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைக் கேட்டறியாத தமிழர் அரியர். குன்றுகள் காவல் செய்ய, ஆழம் மிகுந்து, காற்றுக்கும் அலைக்கும் அஞ்சாது கப்பல்கள் தங்குவதற்கேற்ற இயற்கைத் துறைமுகங்களுள் அதற்கு உலகிலேயே உயர்ந்த இடம் உண்டு. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக அதனைக் கைக்கொள்ள முயன்றது வரலாறு. இறுதியாக ஆங்கிலக் கடற்படையினர் 1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் தம் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்து விடைபெற்றனர். இன்றும் இரவு வேளையில் உட்துறைமுக வீதியில் நிற்போர், நீரில் நடுங்கும் கப்பல் விளக்குகளைக் கண்டு, உலகமே தம் வீட்டு வாயிலுக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுதல் இயல்பே.

அந்த வீதிக்கு அண்மையில் வாழும் ஆசிரியர் ஒருவரை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். அவருக்குப் பெயர் வேண்டுவதில்லை. அத்தகையோர் அந்நகரில் பலர் உளர். அப்பலருடைய அனுபவமும் ஒன்று சேர்ந்ததே இவ்வாசிரியரின் வரலாறு.

அவருடைய நாள் கோயில் மணியோடு தொடங்குகிறது. ஐந்து மணிக்கு எழுந்து, முதல்நாள் எஞ்சிய விடைத்தாள்களைத் திருத்தி முடிக்கிறார். எண்பது வயதைக் கடந்த தாயாருக்குத் தேநீர் கொடுத்து, மருந்தையும் எடுத்து வைக்கிறார். வாயிற்கதவைத் திறந்தால், வீதியில் இரண்டு மூன்று புள்ளிமான்கள் வாழைப்பழத் தோலுக்காகக் காத்து நிற்கும். கோட்டையிலிருந்து வெளிப்பட்டு நகரத்தில் அச்சமின்றி உலவும் அம்மான்கள் திருகோணமலையாருக்குப் புதுமையல்ல. ஏழரை மணிக்குப் பாடசாலை மணி ஒலிக்கும்போது ஆசிரியர் தம் வகுப்பில் நிற்பார். அவர் கற்பிப்பது விஞ்ஞானம். ஒன்றரை மணிக்குப் பாடசாலை கலைந்தபின், மீனவர் குடும்பப் பிள்ளைகள் சிலருக்கு ஊதியம் பெறாது மேலும் ஒரு மணி நேரம் கற்பிப்பார். மாலையில் கடற்கரையில் சிறிது நடை. இரவில் மீண்டும் விடைத்தாள். புறத்தே நோக்குவார்க்கு இதில் சிறப்பொன்றும் தோன்றாது. எனினும் நாற்பது பிள்ளைகளின் நாற்பது வகை மறதியோடு நாள்தோறும் போராடுவது எளிய செயலன்று.

அவரிடம் ஒரு மோட்டார் வண்டி உண்டு. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த தந்தையார் வாங்கிய மொறிஸ் மைனர் அது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த அவ்வகை வண்டி 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்பதற்கு முன் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. பிறந்த நாட்டில் அவை பழம்பொருளாகிவிட்ட காலத்திலும் இலங்கையின் வீதிகளில் அவை ஓய்வறியாது ஓடின. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையே அதற்கு முதற்காரணம். புதியது வாராதபோது பழையதைப் பேணும் கை பழகுகிறது. அக்கைத்திறன் எவ்வளவு வளர்ந்ததெனில், 1990களில் இதே வண்டிக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையிற் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன.

ஆசிரியர் அவ்வண்டியை ஆடம்பரத்துக்காக வைத்திருக்கவில்லை. அதன் தேவையை அறியவேண்டுமாயின், திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் கரையோரப் பாதையை அறிதல் வேண்டும். மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்கும் அந்நிலப்பகுதியில், வீதி நெடுகிலும் நீர் குறுக்கிடுகிறது. முற்காலத்தில் கிண்ணியாவிலும் அதற்கு அப்பாலுள்ள துறைகளிலும் வண்டியை மிதவையில் ஏற்றி இறக்கியே பயணம் செய்தல் வேண்டும். ஒரு துறையில் மிதவை பழுதானால் அன்றைய பயணம் அத்துறையோடு முடியும். பின்னர்ப் போர்க்காலத்தில் அப்பாதை பல்லாண்டுகள் பயணிகளுக்குப் பயன்படாது கிடந்தது. மட்டக்களப்புக்குச் செல்வோர் மேற்கே ஹபரணைக்குப் போய், பொலனறுவை வழியாக வளைந்து செல்ல நேர்ந்தது. போர் ஓய்ந்தபின், 2009 ஒக்டோபர் மாதத்தில், 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்துவந்த ஆண்டுகளில் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. மூதூரும் வெருகலும் வாகரையும் கடந்து நேரே செல்லும் வழி மீண்டும் மக்களுக்குக் கிட்டிற்று.

ஆசிரியரின் தாயாருக்கு ஒரேயொரு தங்கை. மட்டக்களப்பில், கல்லடியில் வாழ்கிறார். போர்க்காலத்தில் சகோதரியர் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாது கழித்த ஆண்டுகள் பல. பாலம் அமைந்தபின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சந்தித்துவந்தனர். ஆயின் தாயாரின் முழங்கால் தளர்ந்துவிட்டது. பஸ் வண்டியின் படியில் ஏறுவது அவருக்கு இயலாத காரியம். வாடகை வண்டிக்குக் கேட்கப்படும் தொகையோ ஆசிரியரின் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஆதலால் அந்தப் பழைய மொறிஸ் மைனரே இரு சகோதரியரையும் இணைக்கும் கடைசிப் பாலமாயிற்று.

2022 ஆம் ஆண்டு இலங்கையர் எளிதில் மறக்கக்கூடிய ஆண்டன்று. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. டொலரொன்றுக்கு ஏறத்தாழ 200 ஆக இருந்த ரூபாய் சில வாரங்களில் 360 வரை சரிந்தது. பெற்றோல் நிலையங்களின் முன் வண்டிகள் நாட்கணக்கில் வரிசையாக நின்றன. அவ்வாண்டு நடுப்பகுதியில் பங்கீட்டு முறை வந்தபோது, மோட்டார்க் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என அளவு விதிக்கப்பட்டது. திருகோணமலையார்க்கு இதில் ஒரு விந்தை உண்டு. ஊரின் மறுபுறத்திலே, சீனக்குடாவில், பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 ஆந் தேதி யப்பானிய விமானத் தாக்குதலிலே அவற்றுள் ஒன்று அழிந்தது. இன்று எஞ்சியுள்ளவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் எண்ணெயைக் கொள்ளும். அத்தகைய தாங்கிகள் நிற்கும் ஊரிலேதான் ஆசிரியர் இருபது லீற்றருக்காக வரிசையில் நின்று, தெருவிளக்கின் ஒளியில் விடைத்தாள் திருத்தினார்.

அவ்வரிசையில் நின்ற நாளொன்றிலேதான் தவறு நேர்ந்தது. பிறேக் மிதி சற்றே தாழ்வதை அவர் கவனித்தார். திறந்து பார்த்தபோது பிறேக் எண்ணெய் குறைந்திருந்தது. கடைகளில் அது கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் விலை மும்மடங்கு. வீட்டில் ஒரு போத்தலில் இயந்திர எண்ணெய் எஞ்சியிருந்தது. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று எண்ணி, அதில் சிறிதளவை ஊற்றி மூடினார்.

அமுக்கம் பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் நடத்துபவர் அவர். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கப்படும் அமுக்கம் குறைவின்றி எல்லாத் திசைகளுக்கும் செலுத்தப்படும் என்ற பாஸ்கலின் விதியைக் கரும்பலகையில் எழுதி, மோட்டார் வண்டியின் பிறேக் அதற்கு எடுத்துக்காட்டு என்று விளக்குபவரும் அவரே. விதியை அறிந்திருந்தார். ஆனால் அவ்விதி வேலை செய்வது ஒரு றப்பர் வளையத்தின் தயவினால் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

மார்கழி விடுமுறை நெருங்கிற்று. பயண ஏற்பாடு ஒவ்வொன்றாக நடந்தது. போகவரத் தேவையான பெற்றோலைக் கிழமைதோறும் கிடைத்த பங்கிலிருந்து மிச்சம் பிடித்துத் தாங்கியிலே சேர்த்தார். தாயார் தங்கைக்கென்று ஒரு சேலையை எடுத்து மடித்துவைத்தார். நிலாவெளிக் கருவாடு ஒரு பொதியும் ஆயத்தமாயிற்று. புறப்படுவதற்கு ஆறு நாட்கள் இருந்தபோது, பாடசாலைக்குச் சென்ற வண்டி இழுபட்டு நின்றது. சக்கரங்கள் தொட முடியாதபடி சுட்டன. சிறிது ஆறவிட்டு மீண்டும் செலுத்தியபோது பிறேக் மிதி அடிவரை அமிழ்ந்துபோயிற்று.

வண்டி சென்று சேர்ந்த கராஜ் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில், வேப்பமர நிழலில் உள்ளது. அதனை நடத்துபவர் ஆசிரியரின் பழைய மாணவர். விஞ்ஞான பாடத்தில் இருமுறை தவறியவர். பழுதைக் கண்டறிய அவருக்கு நேரம் செல்லவில்லை. அதை அணுகுவதற்கே அரை நாள் சென்றது. அவ்வகை வண்டியில் பிறேக்கின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தட்டுக்குக் கீழே, அடிச்சட்டத்தினுள் ஒளிந்திருக்கிறது. அதைப் பிணைக்கும் ஆணிகளைக் கழற்ற முன்சக்கரத்தைத் தாங்கும் முறுக்குத் தண்டு வழிவிடுவதில்லை. ஒன்றைக் கழற்ற மற்றொன்றைக் கழற்றி, அதைக் கழற்ற வேறொன்றைக் கழற்றி, மாலையில் அந்தச் சிலிண்டர் வெளிவந்தது. உள்ளிருந்த றப்பர் வளையம் ஊறிப் பருத்துக் களிபோல் ஆகியிருந்தது.

“என்ன எண்ணெய் ஊற்றினீங்கள், சேர்?” என்று அவர் கேட்டார்.

ஆசிரியர் பதில் கூறாது நின்றார். வீட்டுப்பாடம் செய்யாது வந்த மாணவன் நிற்கும் நிலையே அது.

கனிம எண்ணெய் அவ்வகை றப்பரைக் கெடுக்கும். பருத்த வளையம் எண்ணெய் திரும்பிச் செல்லும் சிறு துளையை அடைத்துவிடும். அதனால் பிறேக் விடுபடாது இறுகும். பின் வளையம் கிழிந்து ஒழுகும். அதனால் பிறேக் பிடிக்கவே பிடிக்காது. இப்பழுது ஓரிடத்தோடு நிற்பதுமில்லை. முன்சக்கரங்களில் இரண்டிரண்டும் பின்சக்கரங்களில் ஒவ்வொன்றுமாக ஆறு சிறு சிலிண்டர்கள் உண்டு. அனைத்துக்கும் ஒரே குழாய்த் தொடர். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரங்களும் கைவிடும். ஆகவே எல்லா வளையங்களையும் மாற்றுதல் வேண்டும்.

வளையம் தேடும் படலம் தொடங்கிற்று. திருகோணமலைக் கடைகளில் இல்லை. கண்டியில் விசாரித்தபோது நாளைக்குப் பார்க்கலாம் என்றனர். கொழும்பில் பழைய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு பொதி வந்தது. முன்சக்கரத்துக்குரியவை பொருந்தின, பின்சக்கரத்துக்குரியவை அளவில் மாறியிருந்தன. திருப்பி அனுப்பி மீண்டும் காத்திருந்தார். ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டதும் கராஜுக்குப் போவதும், வேப்பமர நிழலில் செங்கல் மேல் நிற்கும் வண்டியைப் பார்ப்பதும், வெறுங்கையோடு வீடு திரும்புவதும் வழக்கமாயின. “தங்கச்சி காத்துக்கொண்டிருப்பாள்” என்று மட்டும் தாயார் சொல்வார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டிருந்தாலும் ஆசிரியருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

புறப்படவேண்டிய நாளுக்கு முதல்நாள் அவர் பொறுமை இழந்தார். வேறொரு வண்டியின் வளையத்தைத் தேய்த்துச் சிறிதாக்கிப் போட்டால் மட்டக்களப்பு வரை ஓடாதா என்று கேட்டார். பழைய மாணவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஓடும், சேர். நிற்கிறதுதான் சந்தேகம். அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. நான் பூட்டித் தரமாட்டன்.”

ஆசிரியருக்குச் சினம் எழுந்தது, உடனே அடங்கியும்விட்டது. பரீட்சையில் இவருக்குப் புள்ளி குறைத்தவர் அவரே. அன்று அந்த ஒழுங்கையில் நடந்த பரீட்சையில் யார் தேறினார், யார் தவறினார் என்பதை அவர் சொல்லாமலே உணர்ந்தார்.

இரவு தொலைபேசியிற் செய்தி சென்றது. மறுநாள் பிற்பகல், மழை தூறிக்கொண்டிருக்கையில், முச்சக்கர வண்டி ஒன்று ஆசிரியரின் வாயிலில் நின்றது. அதிலிருந்து கல்லடிச் சின்னம்மா, பேரன் கையைப் பற்றி இறங்கினார். “அக்காவால் வர ஏலாதென்றால் எனக்குக் காலில்லையா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். அவர் காலையில் மட்டக்களப்பில் பஸ் ஏறி, வாகரையும் வெருகலும் கடந்து, கிண்ணியாப் பாலத்தின் மீது வந்திருந்தார். பாலத்துக்கு இரு கரைகள் உண்டு என்பதை, வண்டிக் கவலையில் ஆழ்ந்திருந்த ஆசிரியர் எண்ணவேயில்லை. சகோதரியர் இருவரும் அன்றிரவு உறங்கவில்லை. அடுத்த அறையில் விடைத்தாள் திருத்தியவருக்கும் அவர்களுடைய பேச்சு விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

தை மாதத்தில் உரிய வளையங்கள் கிடைத்தன. வண்டி சீராயிற்று. ஆயினும் ஆசிரியர் கெட்டுப்போன பழைய வளையத்தை எறிந்துவிடவில்லை. புதிய தவணையில் அமுக்கம் பற்றிய பாடம் வந்தபோது, அதனை ஒரு காகிதத்திற் சுற்றி வகுப்புக்குக் கொண்டு சென்றார். மேலதிகமாக வந்த இரண்டு புதிய வளையங்களுள் ஒன்றை ஆமணக்கெண்ணெயிலும் மற்றொன்றை இயந்திர எண்ணெயிலும் இட்டு, கண்ணாடிக் கிண்ணங்களை யன்னலோரம் வைத்து, ஒரு கிழமை கழித்து அளந்து எழுதுமாறு மாணவரைப் பணித்தார். முற்காலப் பிறேக் எண்ணெய் ஆமணக்கெண்ணெயைக் கொண்டே செய்யப்பட்டது என்பதையும் எடுத்துரைத்தார். இந்தப் பழைய வளையத்தைக் கெடுத்தவர் யார் என்று பின்வரிசை மாணவன் ஒருவன் கேட்டபோது, “நான்தான்” என்று மறைக்காது கூறினார்.

அந்த யன்னலுக்கு வெளியே துறைமுகம் தெரிகிறது. பெருங்கப்பல்கள் வருகின்றன, போகின்றன. ஒரு குடும்பத்தின் பயணமோ விரலில் மாட்டக்கூடிய ஒரு வளையத்திலும், மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த ஒரு தொழிலாளியின் மனத்திலும் தங்கியிருந்தது. பங்குனி விடுமுறையில் தாயாரும் கல்லடிக்குச் சென்று வந்தார். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது ஆசிரியர் ஒருமுறை பிறேக்கை மிதித்துப் பார்த்துக்கொண்டார். அது பிடித்தது.