தகப்பன் பெயரும் தாயின் வாக்கும்

மலாக்காத் தோட்டப்புறங்களிலிருந்து இந்தப் பாச்சாங் கருத்தரங்குக்கு வந்து, முன்வரிசையில் அம்மாமார்கள் அமர்ந்திருக்கிறார்கள்.

மலாயாப் பெண்கள் போராடாமலே வாக்குரிமை பெற்றார்கள் என்பார்கள். 1955 ஜூலை 27-இல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் ஆணும் பெண்ணும் ஒரே விதியின்கீழ் வாக்களித்தது உண்மைதான். ஆனால் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலரைக் குடியுரிமை விதி அதற்கு முன்பே தடுத்து நிறுத்தியிருந்தது.

1948 கூட்டரசு ஒப்பந்தத்தின்படி, மலாக்காவிலோ பினாங்கிலோ பிறந்து இங்கேயே நிரந்தரமாகக் குடியிருந்த பிரிட்டிஷ் பிரஜைக்குக் குடியுரிமை தானாகவே கிடைத்தது. எல்லை தாண்டி நெகிரி செம்பிலான் தோட்டத்தில் பிறந்தவளிடம் தகப்பன் கதையைக் கேட்டார்கள். அவர் இம்மண்ணில் பிறந்தவரா? இல்லையென்றால் 15 ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வாழ்ந்தவரா? தோட்டம் தோட்டமாக மாறிப் பிழைத்த குடும்பத்தில் அதற்குச் சான்று ஏது? பால் மரம் வெட்டிய தாயின் உழைப்பு அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

வாக்கு கிடைத்தும் அவைக்குள் நுழைவது எளிதாக இல்லை. 1955-இல் 52 இடங்களுக்கு நடந்த தேர்தலில் வென்ற ஒரே பெண் ஹலிமாத்தோன் அப்துல் மஜீத். இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் பணியாற்றி, 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸைத் (ம.இ.கா.) தொடங்கியோரில் ஒருவராகவும் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் நாடாளுமன்றம் சென்றது மேலவை வழியாகத்தான். 1965-இல் ஊராட்சித் தேர்தல்களும் நிறுத்தப்பட்டன. வீட்டுக்குப் பக்கத்திலேயே அரசியல் பழகக் கிடைத்த முதல் படி அதோடு போயிற்று.

1957 அரசமைப்பின் 8(2)ஆம் பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்றது. அந்த வரிசையில் பாலினம் சேர 2001 வரை காத்திருந்தோம். வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய திருத்தம் நடப்புக்கு வந்தது 2021 டிசம்பர் 15-இல். மலாக்கா சட்டமன்றத் தேர்தலோ நவம்பர் 20-ஆம் தேதியே முடிந்துவிட்டது. நம் வீட்டு இளம்பெண்கள் மூன்றரை வாரத்தில் வாய்ப்பைத் தவறவிட்டார்கள். 2022 பொதுத்தேர்தலில் 222 இடங்களில் 30 பெண்களே வென்றார்கள்.

2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய்வழியும் குடியுரிமை உண்டு என்றது. அதே திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளின் இயல்பான குடியுரிமையை எடுத்துவிடுகிறது. நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்த பாட்டிகளை அறிந்த நாம் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எனவே ஆய்வாளர்களே, சட்டப் பிரிவுகளோடு நின்றுவிடாதீர்கள். சிவப்பு அட்டைக்காரப் பெண்களின் வாய்மொழியை அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். கட்சிகளின் வேட்பாளர் பட்டியலை யார், எந்த அறையில் முடிவு செய்கிறார்கள் என்றும் தேடுங்கள். கட்சித் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெண்களை மகளிர் பிரிவோடு நிறுத்தாமல், வெல்லக்கூடிய தொகுதிகளில் நிறுத்துங்கள். இந்த எதிர்பார்ப்போடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.