தகவலும் அமானிதமே
(அறக்கட்டளையின் மாதாந்திர நலத்திட்டக் கூட்டத்தில் பேசியது)

 

இன்று உங்களிடம் முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு கல்வி உதவி பெற்றவர்களின் பட்டியலைப் பெயர், கைபேசி எண், தொகை எல்லாம் சேர்த்து வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான். சில நாட்களில் அதில் இருந்த ஒரு தாய்க்கு போன் வந்தது. "அறக்கட்டளையிலிருந்து பேசுகிறோம், உங்கள் மகளுக்கு இரண்டாவது தவணை வந்திருக்கிறது" என்றார்கள். மகள் பெயரும் முன்பு வாங்கிய தொகையும் சரியாக இருந்ததால் நம்பிவிட்டார். அவர்கள் அனுப்பிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டார். ஃபயர் ஆபீஸ் கூலியில் சேர்த்த ஆறாயிரம் ரூபாய் போய்விட்டது. கூச்சப்பட்டு நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

ஜகாத் நிதியைத் தொடாமல், நிர்வாகிகள் எங்கள் கைப்பணத்தில் அந்தத் தொகையை ஈடுகட்டினோம். ஆனால் பணம் மட்டுமல்ல, உங்கள் தகவலும் எங்களிடம் இருந்த அமானிதம். அதைக் காக்கத் தவறினோம்.

ஏமாற்றுகிறவர்களுக்கு நம் ஊர்ப் பெயரும் ஒரு தூண்டில்தான். இணையத்தில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை விதித்தது. அப்படியும் 2024 தீபாவளி நேரத்தில், மலிவு விலைப் பட்டாசு என்று போலி இணையதளங்கள் பணம் பறிப்பதாகத் தமிழகக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு எச்சரித்தது. இப்படி ஏமாந்தவர்களின் பணத்தோடு, அவர்கள் கொடுத்த முகவரியும் கைபேசி எண்ணும் கூடவே போகின்றன.

ஆகவே சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. "பணம் வர எண்ணைப் போடுங்கள்" என்றால் அது மோசடி.

ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நாமே ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் நஷ்டம் நம்முடையது.

ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம்.

இளைஞர்களே, "உன் வங்கிக் கணக்கைக் கொடு, கமிஷன் தருகிறோம்" என்பவரை நம்பாதீர்கள். திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் கணக்கு முடங்கும், காவல்துறை முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

பணம் போய்விட்டால் வெட்கப்படாதீர்கள். உடனே 1930-க்கு போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறும் முன் தெரிந்தால் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. போன் செய்யத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள், நாங்கள் உடன் இருக்கிறோம்.

எங்கள் உறுதிமொழியையும் கேளுங்கள். இனி பட்டியலில் பெயரோ எண்ணோ வராது. எத்தனை பேருக்கு எவ்வளவு என்ற கணக்கு மட்டும் வரும். பழைய பட்டியலை நீக்கிவிட்டோம். குழுவில் சேமித்து வைத்திருப்பவர்களும் அழித்துவிடுங்கள். ஆதார் நகல்கள் பூட்டிய பீரோவில் இருக்கும். ஓடிபியோ ரகசிய எண்ணோ கேட்டு நாங்கள் ஒருபோதும் போன் செய்ய மாட்டோம். அப்படி ஒருவர் கேட்டால், எங்கள் பெயரைச் சொன்னாலும் அது நாங்கள் அல்ல.

அல்லாஹ் நம் உழைப்பையும் அமானிதத்தையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.