கப்பற் பதிவேட்டில் ஒரு பாட்டன்

மன்னர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. ஏர் பிடித்த பாட்டனுக்கு என்ன உண்டு? நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாய்ச் சென்றவனுக்குப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து அங்குச் சென்றனர். எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடல் தழும்பு போன்ற சில குறிப்புகளே. தப்பி ஓடினால் பிடிப்பதற்கு உதவும் அத்தழும்புக் குறிப்பே இன்று கொள்ளுப்பேரனுக்குப் பாட்டனின் முகம்! தாயின் பெயருக்கோ கட்டமே இல்லை. ஊர்ப்பெயரும் ஆங்கில எழுத்தில் ழகர ளகரம் மயங்கிச் சிதைந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பின் வட்டத்தின் பெயரே துணை. அவ்வரியைக் கையில் ஏந்தி வருவோர்க்கு நம் ஊரார் பழம் பத்திரங்களையும் குலதெய்வக் கோயில் வரிக்கணக்கையும் எடுத்துக் காட்டுதல் வேண்டும்.